மாத்திரையில் மெலியலாமா?

சகோதரிகளே, ஒரு கேள்வி. உடம்பு கொஞ்சம் இளைத்தால் தேவலை என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா? "இல்லவே இல்லை" என்று சொல்லக்கூடிய பாக்கியசாலிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேரே தொடர்கதைக்குப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் சற்று உட்காருங்கள்.

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது வளவனூர். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற பூமி. (மல்லாட்டை என்றால் பட்டணத்துக்காரர்கள் விழிக்க வேண்டாம், வேர்க்கடலைக்கு அந்தச் சீமையில் அதுதான் பெயர்.) சென்ற மாதம் வேறு ஒரு காரியமாக அங்கே போனபோது, தெரிந்தவர்கள் வீட்டில் காபி சாப்பிட உட்கார்ந்தேன். கூடத்து அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே தங்க நிறத்தில், கண்ணாடிக் குண்டு மாதிரி பளபளவென்று மாத்திரைகள். மாமியார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன, மீன் எண்ணெயா?"

"இல்ல அத்தை, கொழுப்பைக் கரைக்கிற மாத்திரை. தினம் சாப்பிட்டா வயிறு வத்துமாம்" என்றாள் மருமகள்.

"உள்ளே என்னதான் இருக்கு?"

"ஏதோ எண்ணெய்தான் அத்தை."

"எண்ணெயைத் தின்னா கொழுப்புக் கரையுமா? நல்லா இருக்கே கதை!"

மருமகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய பெரிய சர்வகலாசாலைகளில் பல வருஷமாகக் கேட்டுவரும் கேள்வியை அந்த அம்மாள் ஒரே வரியில் கேட்டுவிட்டார் அல்லவா? ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த மாத்திரையின் ஜாதகத்தைத் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

டப்பாவின் மேல் 'சி.எல்.ஏ.' என்று மூன்று எழுத்துப் போட்டிருக்கும். விரித்துச் சொன்னால் 'கான்ஜுகேட்டட் லினோலிக் ஆசிட்.' பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். லினோலிக் ஆசிட் நம் சமையலறையிலேயே குடியிருக்கும் ஆசாமி. நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு அதுதான். கடலை எண்ணெயிலும் தாராளமாக உண்டு. பதினெட்டு மணிகள் கோத்த ஒரு சரம் என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது மணியிலும் பன்னிரண்டாவது மணியிலும் ஒவ்வொரு இரட்டை முடிச்சு. அந்த முடிச்சுகளில் ஒன்று இடம் பெயர்ந்து மற்றதற்குப் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டால், அதே சரத்துக்கு சி.எல்.ஏ. என்று பெயர். அவ்வளவே வித்தியாசம். ஆனால் உடம்புக்குள் போனதும் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இந்த முடிச்சை இடம் மாற்றும் வித்தையை மனிதர்களுக்கு வெகு காலம் முன்னமே செய்து காட்டியது யார் தெரியுமா? நம் வீட்டுப் பசு! பசு தின்னும் புல்லில் உள்ள கொழுப்பு, அதன் முதல் வயிற்றில் கோடிக் கணக்கில் வாழும் நுண்கிருமிகளின் கையில் சிக்கிக்கொள்கிறது. அவை முடிச்சுகளை அவிழ்த்தும் நகர்த்தியும் விளையாடுகின்றன. அப்போது உண்டாகும் சரக்கில் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. ஆகவே பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாவற்றிலும் சி.எல்.ஏ. கொஞ்சம் உண்டு. பசும்புல் மேய்ந்த மாட்டின் பாலில் அதிகம். கட்டிப்போட்டு வைக்கோலும் தீவனமும் போட்ட மாட்டின் பாலில் குறைவு.

அதற்கு மனித வைத்தியத்தில் மவுசு வந்தது தற்செயலாகத்தான். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் மைக்கேல் பாரிஸா என்ற விஞ்ஞானி, நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். தேடியது கிடைத்தது, அதோடு அதைத் தடுக்கும் ஒரு பொருளும் கூடவே கிடைத்தது! அது என்ன என்று அடையாளம் கண்டு 1987ல் வெளியிட்டார்கள். அதுதான் சி.எல்.ஏ. திருடனைத் தேடிப் போன இடத்தில் போலீஸ்காரர் அகப்பட்ட கதை.

பத்து வருஷம் கழித்து, 1997ல், அதே கூட்டத்தார் சுண்டெலிகளின் ஆகாரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு சி.எல்.ஏ. கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் உடம்புக் கொழுப்பு, கொடுக்காத எலிகளோடு ஒப்பிட, பாதிக்கு மேல் குறைந்திருந்தது: ஆண் எலிகளில் நூற்றுக்கு 57, பெண் எலிகளில் 60. இதைக் கேட்ட பிறகு வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பசுவிடமிருந்து போதிய அளவு எடுக்க முடியாது. ஆகவே குசும்பா எண்ணெயை எடுத்து, காரத்தோடு சேர்த்துச் சூடாக்கி, முடிச்சுகளைத் தொழிற்சாலையிலேயே நகர்த்திவிட்டார்கள். டப்பாவில் இருப்பது இந்தச் சரக்குத்தான். குசும்பா நமக்குப் புதிதல்ல. மஹாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் வயல் வயலாக விளைகிறது.

எலிக்கு நடந்தது நமக்கும் நடக்குமா? இங்கேதான் கதை கொஞ்சம் சப்பென்று போகிறது.

2007ல் பதினெட்டு ஆராய்ச்சிகளின் கணக்கை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். தினம் 3.2 கிராம் சி.எல்.ஏ. சாப்பிட்டவர்களுக்கு, வெறும் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வாரத்துக்கு சுமார் 90 கிராம் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. 2012ல் இன்னொரு தொகுப்பு: ஆறு மாதமும் அதற்கு மேலும் நடந்த ஆராய்ச்சிகளை மட்டும் எடுத்துப் பார்த்ததில், கொழுப்பு ஒன்றேகால் கிலோ சொச்சம் குறைந்தது, மொத்த எடையில் குறைந்தது முக்கால் கிலோ கூட இல்லை. பொய் அல்ல, வாசகிகளே. மாத்திரை வேலை செய்கிறது. ஆனால் ஆறு மாதம் விழுங்கி, ரவிக்கையை ஒரு தையல்கூடப் பிடிக்க வேண்டியிராத அளவுக்குத்தான் வேலை செய்கிறது!

நார்வேயில் 180 பேரை வைத்து ஒரு வருஷம் நடத்திய ஆராய்ச்சி 2004ல் வெளிவந்தது. அவர்களில் 149 பேர் பெண்கள். உடம்புக் கொழுப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து ஒன்பது வரை குறைந்ததாகக் கண்டார்கள். பலே என்று கை தட்டலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வருஷமும் தொடர்ந்து சாப்பிட்டபோது, அதற்கு மேல் குறையவில்லை. டென்மார்க்கில் வேறு விதமாகச் சோதித்தார்கள். முதலில் எட்டு வாரம் கடுமையான பத்தியம் இருந்து இளைத்தவர்களுக்கு, பிறகு ஒரு வருஷம் சிலருக்கு சி.எல்.ஏ.யும் சிலருக்கு ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள். இழந்த சதை திரும்பி வருவதை மாத்திரை தடுக்கவில்லை. இரண்டு கோஷ்டிக்கும் ஒன்றுபோலவே சதை போட்டது.

எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இன்னொன்று. அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் நடந்தது, 2009ல் வெளிவந்தது. மாதவிடாய் நின்ற, பருத்த உடம்புள்ள, நீரிழிவும் இருந்த பெண்களுக்குப் பதினாறு வாரம் சி.எல்.ஏ., பதினாறு வாரம் சாதாரணக் குசும்பா எண்ணெய், நடுவில் சில வாரம் ஓய்வு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். குசும்பா எண்ணெய் என்ன செய்யப் போகிறது, ஒப்பிடுவதற்காகத்தானே என்று நினைத்தார்கள். சி.எல்.ஏ. எடையைக் கொஞ்சம் குறைத்தது. குசும்பா எண்ணெயோ எடையைத் தொடவில்லை. ஆனால் நடு உடம்புக் கொழுப்பைக் குறைத்து, சதைப்பற்றைக் கூட்டி, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இறக்கியிருந்தது! கொடுத்த அளவு தினம் எட்டு கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவு. முப்பத்தைந்து பேர் மட்டுமே முடித்த சின்ன ஆராய்ச்சி. அதை வைத்துக்கொண்டு நாளையே குசும்பா எண்ணெய்க்கு ஓட வேண்டாம். இருந்தாலும், மகளை விலை உயர்த்தி விற்கிறார்கள், தாயார் மூலையில் உட்கார்ந்து கொண்டு பாதி வேலையைச் செய்துவிடுகிறாள் என்றால் வேடிக்கையாக இல்லையா?

சரி, அந்த 90 கிராமுக்கு வருவோம். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று கணக்கு. ஆக வாரத்துக்கு 90 கிராம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி. நூறு கலோரி என்பது என்ன? தாளிப்புக்கும் தோசைக்கும் விடுகிற எண்ணெயில் இரண்டே டீஸ்பூனுக்குச் சற்று மேல். அல்லது சுறுசுறுப்பாக அரை மணி நேர நடை. மாத்திரை டப்பா தருகிற லாபம் முழுவதையும் அடுப்பங்கரையில் ஒரு சின்னக் கரண்டியை மாற்றினால் வாங்கிவிடலாம்.

டப்பாவின் கணக்கையும் பார்த்துவிடலாமே. ஒரு மாத்திரையில் 1,000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எண்ணெயின் அளவு, அதில் சி.எல்.ஏ. ஏறக்குறைய நூற்றுக்கு எண்பதுதான். ஆராய்ச்சியில் கொடுத்த 3.2 கிராம் வேண்டுமானால் தினம் நான்கு மாத்திரை விழுங்க வேண்டும். அறுபது மாத்திரை டப்பா பதினைந்து நாளில் காலி! மாதம் இரண்டு டப்பா, ஆறு மாதத்துக்குப் பன்னிரண்டு. கடைக்காரர் சொன்ன விலையால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கனத்துக்காக ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு, ஆராய்ச்சியில் கண்ட அந்தச் சொற்பப் பலனைக்கூட எதிர்பார்க்க நியாயமில்லை.

"அப்படியானால் நெய்யையே நிறையச் சாப்பிட்டால் என்ன? அதில்தான் இருக்கிறதே!" என்று ஒரு சிநேகிதி கேட்டாள். நல்ல ஆசை! ஒரு கிராம் நெய்யில் சி.எல்.ஏ. சாதாரணமாக 5 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். மூன்று கிராம் வேண்டுமென்றால் நாளைக்கு 600 கிராம் நெய் சாப்பிட வேண்டும். அது 5,400 கலோரி. இளைப்பது இருக்கட்டும், கதவைத்தான் அகலப்படுத்த வேண்டிவரும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. சி.எல்.ஏ. ஒன்றல்ல, இரண்டு சகோதரிகள். நெய்யில் பெரும்பாலும் இருப்பவள் ஒருத்தி; கொழுப்பைக் குறைக்கிற காரியத்தைச் செய்கிறவள் மற்றவள். தொழிற்சாலை எண்ணெயில் இருவரும் பாதிக்குப் பாதி. நெய்க்கு ருசி உண்டு, மணம் உண்டு, பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் விட்டால் அதற்கு ஈடில்லை. மெலிய வைக்கும் என்று மட்டும் அதன் மேல் பாரத்தைச் சுமத்த வேண்டாம்.

அந்த இரண்டாவது சகோதரி கொஞ்சம் துஷ்டை. மாட்டுக்குக் கொடுத்தால் பாலின் கொழுப்பையே குறைத்துவிடுகிறாள். பசுக்களிடம் இது சந்தேகமறத் தெரிந்த விஷயம். கொழுப்புச் சத்தைப் பார்த்து விலை போடும் பால் சங்கத்துக்கு தினம் பால் ஊற்றுகிற விழுப்புரம் ஜில்லாக் குடும்பங்களுக்கு இதன் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்களிடம் 2002ல் நடந்த ஒரு சின்னச் சோதனையிலும் தாய்ப்பாலின் கொழுப்புக் குறைந்தது. பின்னால் 2007ல் நடந்த மற்றொன்றில் அப்படித் தெரியவில்லை. விஷயம் தீராமல் இருக்கும்போது பச்சைக் குழந்தையை வைத்தா பரீட்சை பார்ப்பது? கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இந்த டப்பாவைத் தொடாமல் இருப்பதே உசிதம்.

இதைவிடக் கவலையான சங்கதி சர்க்கரை. எலிகளுக்கு அளவு கூட்டிக் கொடுத்தபோது, கொழுப்பு உடம்பை விட்டுப் போனது உண்மை. ஆனால் ஈரல் வீங்கி அங்கே கொழுப்பு ஏறியது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. மனிதர்களிடம்? ஸ்வீடன் தேசத்து உப்ஸாலாவில், தொந்தி உள்ள ஆண்கள் அறுபது பேரிடம் சோதித்தார்கள். அந்த இரண்டாவது சகோதரியை மட்டும் பிரித்து எடுத்து தினம் 3.4 கிராம் வீதம் பன்னிரண்டு வாரம் கொடுத்தவர்களுக்கு, இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படும் தன்மை நூற்றுக்கு 19 பங்கு குறைந்துவிட்டது. இரண்டும் கலந்த எண்ணெயில் இவ்வளவு கெடுதல் காணவில்லை. இருந்தும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ல், ஆறு மாதம் வரை ஆரோக்கியமானவர்களுக்கு ஆபத்தில்லை, நீரிழிவு உள்ளவர்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல ஆதாரமில்லை என்று எழுதியது. "உடம்பு இளைக்க உதவும்" என்று விளம்பரம் செய்ய அனுமதி கேட்டபோது, நிரூபணம் போதாது என்று கையை விரித்துவிட்டது.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்று 2023ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு சொல்லிற்று. பலருக்கு இருப்பதே தெரியாது. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு மீறிய எடை என்று 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறியது. இளைக்கும் மாத்திரையைத் தேடிப் போகிறவர்கள் யார்? முக்கியமாக இந்த நாற்பது பேர்தான். சர்க்கரை வருவதற்கு வாசலில் கோலம் போட்டு வைத்திருப்பவர்களும் அவர்கள்தாம். இதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த வளவனூர் வீட்டில் மருமகளின் தாயாருக்குச் சர்க்கரை உண்டு என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. இவள் பரிசோதித்துக்கொண்டதே இல்லை. மாத்திரைக்குச் செலவழித்ததில் சிறு பங்கு இருந்தால் விழுப்புரத்தில் எந்தப் பரிசோதனை நிலையத்திலும் இரத்தச் சர்க்கரை பார்த்திருக்கலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அந்தச் செலவும் இல்லை.

"நான் ஒன்றும் குண்டு இல்லையே" என்கிறீர்களா? நில்லுங்கள். புனாவில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர். அவருடைய வெள்ளைக்கார நண்பர் யட்கின், லண்டன் டாக்டர். இருவரும் தங்கள் உடம்பையே அளந்து 2004ல் 'லான்செட்' பத்திரிகையில் படத்தோடு வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்கிற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உள்ளே இருந்த கொழுப்போ யட்கினுக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர்களின் தேகவாகு இது. அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை சரி என்கிற எண்ணை, 2009ல் நம் டாக்டர்கள் நமக்கு 23 என்று இறக்கிவிட்டார்கள். ஐந்தடி ஓரங்குலம், அதாவது 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இது 55 கிலோ. அறுபதைத் தொட்டால் 25.

எடை மெஷின் இல்லாவிட்டால் பாதகமில்லை. தையல் டேப் போதும். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை உள்ளே இழுக்காமல் (எல்லோரும் இழுக்கிறோம்!) இடுப்பெலும்புக்கும் கடைசி விலா எலும்புக்கும் நடுவே சுற்றிப் பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

எண்ணெய்க்கு ஒரு யோசனை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி ஆகாரத்துக்கு நெய், எண்ணெய் எல்லாம் சேர்த்து நாளைக்கு 27 கிராம் என்று போட்டிருக்கிறது. பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஓட்டலில் சாப்பிட்ட பஜ்ஜியையும் மறக்காமல் சேருங்கள். மல்லாட்டை விளைகிற ஊரில் எண்ணெய்ச் சிக்கனம் பேசுவது எனக்கே கொஞ்சம் சங்கடந்தான். திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து 1940ல் வெளிவந்த 'டி.எம்.வி. 2' ரகக் கடலை இந்தியா முழுதும் பெயர் வாங்கியது. அந்த எழுத்துகளே திண்டிவனத்தின் பெயர்தான். அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி சாயங்காலம் கொறித்தால் வயிறும் நிறையும், புரதமும் சேரும். அதையே எண்ணெயாக்கி அதில் வடை சுட்டால் கணக்கு வேறு.

டப்பாவை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குச் சில வார்த்தை. எறிந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க லைசென்ஸ் எண் இருக்கிறதா, "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். சர்க்கரை, ஈரல் சம்பந்தமான தொல்லை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூட வேண்டாம். வயிற்றுப் பொருமல், பேதி கண்டால் அன்றே நிறுத்துங்கள். இந்த மாத்திரையில் அடிக்கடி காணும் உபத்திரவம் அதுதான். இது எண்ணெய் ஆகையால் வெயிலில் வைத்தால் சிக்கு வாடை பிடிக்கும். அப்படி நாறினால் குப்பையில் போடுங்கள். முக்கியமாக, தங்க நிறத்தைக் கண்டு மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துவிடாதபடி உயரத்தில் வையுங்கள்.